வடநாட்டு ஆளுங்க மேல இருக்கற இளக்காரத்தை கம்பெனியிலயும் தெருவுலயும் குறைக்கிறது எப்படி

திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறவங்க, லைன் (வரிசையா போட்டிருக்கற தையல் மெஷினுங்க) சூப்பர்வைசரா இருக்கறவங்க, லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கறவங்க, இவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன். ஆனா கோயமுத்தூரு, ஈரோடு, ஓசூரு, ஸ்ரீபெரும்புதூர்னு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆளுங்க எங்கெல்லாம் வேலைக்கு வந்திருக்காங்களோ அங்கெல்லாம் கதை இதேதான், இடத்துக்குத் தக்கன கொஞ்சம் மாத்திக்குங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிர்றேன். "நாம எல்லாரும் மனுஷங்க, ஒத்துமையா இருக்கோணும்"னு ஆயுதபூஜை அன்னிக்கு மைக் புடிச்சுப் பேசறதுனால எதுவும் மாறாது. பேசறப்ப எல்லாரும் கை தட்டுவாங்க, பொரி கடலை வாங்கிட்டு அவங்கவங்க கூட்டத்தோட போய் உக்காந்துக்குவாங்க. பல வருஷமா ப்ரொடக்‌ஷன் பக்கம் இருக்கறவன்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சது இதுதான், ஆளுங்க மனசை மாத்தப் பார்க்கறதுக்கு முன்னாடி அவங்க உக்கார்ற இடத்தை, கூலி போடற முறையை, கூப்பிடற விதத்தை மாத்தோணும். மனசு பின்னாடியே வந்துரும், கொஞ்சம் லேட்டா வரும், ஆனா வரும்.

இது எங்கிருந்து வருது

ஏன் புடிக்கலைன்னு கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நம்ம வேலையைப் புடுங்கிட்டானுங்க, திருடறானுங்க, சுத்தம் இல்ல, கண்ட இடத்துல துப்பறானுங்க, கூட்டமா சேர்ந்துட்டா அடிக்க வர்றானுங்க. இதை எல்லாம் ஒரே மூட்டையா கட்டாம பிரிச்சுப் பார்க்கோணும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற.

வேலை விஷயத்தை முதல்ல எடுத்துக்கலாம், அதுதான் பெருசு. ஒரு உள்ளூர் டைலர் பீஸ் ரேட்டு (ஒரு துணி தச்சா இவ்வளவுங்கற கூலி) கூட்டிக் குடுங்கன்னு கேக்கறாரு. முதலாளி என்ன சொல்றாரு, "இஷ்டம்னா இருங்க, இல்லைன்னா கெளம்புங்க, நாளைக்கே காண்ட்ராக்டர் இருபது ஹிந்திக்காரப் பசங்களை இறக்கிருவான்". இப்ப அந்த டைலருக்கு வர்ற கோபம் நியாயமான கோபம்தான், ஆனா முதலாளி மேல காட்ட முடியாது, மாச வாடகை கட்டோணும், பசங்க ஃபீஸ் கட்டோணும், அதனால பக்கத்து மெஷின்ல குனிஞ்சு தச்சிட்டிருக்கற பையன் மேல திரும்பிருது. கோபம் நிஜம், அட்ரஸ்தான் தப்பு. கூலியைக் குறைச்சது அந்தப் பையன் இல்ல, அவனைக் காட்டிப் பேரம் பேசினவங்க. அந்தப் பையனுக்கும் அதே சம்பளம்தான் போடோணும்னு ஆயிட்டா அவனைக் காட்டி யாரும் பயமுறுத்த முடியாது, இதுக்கு அப்பறம் வர்றேன்.

அடுத்தது செய்தி. பேப்பர்ல பாருங்க, நம்மூர்க்காரன் செயின் அறுத்தா "வாலிபர் கைது", பீகார்க்காரன் அறுத்தா "வடமாநில வாலிபர் கைது". ரெண்டும் ஒரே குத்தம்தான், ஆனா ஒண்ணுல ஊர் பேரு தலைப்புலயே ஏறிருது, இன்னொண்ணுல ஏறறதே இல்ல. இப்படி வருஷக்கணக்கா படிச்சா மண்டையில என்ன பதியும்? திருட்டுன்னாலே அந்த மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வரும். ஆயிரக்கணக்கான பேரு காலையில எட்டரைக்கு உள்ள போய் ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்றாங்களே, ஒன்றரை ஷிப்ட் முடிச்சுட்டு ரூமுக்குப் போய் சோறாக்கிப் படுத்துக்கறாங்களே, அது செய்தியே இல்லைங்களே.

சுத்தம் பத்திப் பேசறவங்க அந்த ரூமை ஒரு தடவை உள்ள போய்ப் பார்க்கோணும். பத்துக்குப் பத்து ரூம்ல எட்டு பேரு, ஒரே கக்கூஸ், அதுவும் பக்கத்து நாலு ரூமுக்கும் சேர்த்து, தண்ணி வாரத்துக்கு ரெண்டு நாள். அங்க யாரைக் கொண்டு போய் வெச்சாலும் வாசல்ல செருப்பு குவிஞ்சுதான் கெடக்கும், நாறத்தான் செய்யும். நாம இடத்தோட லட்சணத்தைப் பார்த்துட்டு அதை ஆளோட லட்சணம்னு எழுதிக்கறோம். (துப்பறது மட்டும் தனி விஷயம், பான் போட்டு சுவத்துல துப்பினா திட்டத்தான் வேணும், அதை ஒடிசாக்காரன் பண்ணாலும் நம்ம ஊரு வெத்தலைக்காரப் பெருசு பண்ணாலும் ஒரே திட்டு.)

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. நகைக்கடை வெச்சிருக்கற ராஜஸ்தான் சேட்டை யாரும் "வடக்கன்"னு சொல்லமாட்டாங்க, கோயமுத்தூர் ஐடி கம்பெனியில வேலை பார்க்கற டெல்லிக்காரரை அப்பார்ட்மெண்ட் செக்யூரிட்டி சார்னுதான் கூப்பிடறாரு. பானிபூரி விக்கறவனும் சென்டரிங் அடிக்கறவனும் மட்டும்தான் வடக்கன். அப்போ நம்ம பிரச்சனை வடக்கா தெக்கா இல்ல, காசு இல்லாதவன்ங்கறது பாதி. இதை ஒத்துக்கிட்டா மீதி விஷயம் சுலபமா புரியும்.

கடைசியா ஒரு காரணம் இருக்குது, அது இந்த ஊரு கதை கூட இல்ல, மனுஷ மூளையோட கதை. 1970 வாக்குல இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கற ஊர்ல ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒரு உளவியல்காரர் பள்ளிக்கூடப் பசங்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாரு. உனக்கு இந்த ஓவியர் படம் புடிச்சிருக்குது, அவனுக்கு அந்த ஓவியர் படம் புடிச்சிருக்குதுன்னு சொல்லி ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க, அவ்வளவுதான், ஒருத்தனை ஒருத்தன் பார்க்கக்கூட இல்ல. அப்பறம் காசு பங்கு போடச் சொன்னா, பசங்க சொந்த குரூப்புக்கு அதிகம் போட்டாங்க. அதைவிடக் கொடுமை, தன் குரூப்புக்கு வர்றது குறைஞ்சாலும் பரவாயில்ல, அந்த குரூப்புக்கு இன்னும் கம்மியா போகோணும்ங்கற மாதிரிதான் நிறையப் பேரு பங்கு போட்டாங்க. ஓவியத்துக்கே இப்படின்னா மொழி, சாப்பாடு, நிறம், சாமி எல்லாம் வேறயா இருக்கறப்ப சொல்லவா வேணும். அதனால இங்க யாரும் பொறக்கறப்பவே கெட்டவங்க இல்ல, கோடு கிழிச்சா அந்தப் பக்கம் இருக்கறவனை ஆகாதவனா பார்க்கறது லேசா வந்துருது, கோட்டைக் கிழிக்கறது யாருன்னுதான் பார்க்கோணும்.

இதே திருப்பூர்ல ஒரு காலத்துல மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்தவங்களை "தெக்கத்தி ஆளுங்க"ன்னு சொல்லி வீடு குடுக்க யோசிச்சாங்க. அருவா தூக்குவாங்க, வம்புக்காரங்கன்னு பேசினாங்க. இன்னிக்கு அவங்கள்ல நிறையப் பேரு சொந்தமா பவர்டேபிள் யூனிட் (கூலிக்குத் தச்சுக் குடுக்கற சின்னப் பட்டறை) வெச்சிருக்காங்க, பொண்ணு குடுத்து எடுத்தாச்சு, அந்தப் பேச்சே காணோம், அதே பேச்சை அப்படியே எடுத்து அடுத்து வந்தவன் தலையில வெச்சாச்சு. அங்க பம்பாயில 1966ல சிவசேனா ஆரம்பிச்சப்ப அவங்க முதல் கோபமே தென்னிந்தியர் மேலதான், லுங்கிக்காரங்களை விரட்டுங்கன்னு கோஷம் போட்டாங்க, ஆபீஸ் வேலை எல்லாம் மதராசிங்க புடுங்கிட்டாங்கன்னு. 1991 காவிரிக் கலவரத்துல பெங்களூர்ல தமிழாளுங்க வீடு எரிஞ்சுது. இலங்கையில தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம்ம சனங்களை "தோட்டக்காட்டான்"னு சக தமிழங்களே கூப்பிட்டாங்க. எங்க போனாலும் வசனம் ஒண்ணுதான், வேலையைப் புடுங்கிட்டான், சுத்தம் இல்ல, கூட்டமா இருக்கான்.

லைனை எப்படிப் போடறது

இதுதான் இந்தக் கட்டுரையில எனக்கு முக்கியமான இடம், பொறுமையா படிங்க.

நிறைய கம்பெனியில என்ன பண்றாங்க, சௌகரியத்துக்காக ஒரு லைன் முழுக்க தமிழாளு, அடுத்த லைன் முழுக்க ஒடிசா ஆளு. மொழி ஒண்ணா இருந்தா சூப்பர்வைசருக்கு வேலை ஈஸிங்கறது சரிதான். ஆனா சாயந்தரம் போர்டுல ஏ லைன் இத்தனை பீஸ், பி லைன் இத்தனை பீஸ்னு எழுதிப் போட்டு, ஜாஸ்தி தச்ச லைனுக்கு போனஸ்னு அறிவிச்சீங்கன்னா நீங்களே கையில பெட்ரோல் கேனோட நிக்கறீங்கன்னு அர்த்தம்.

1954ல அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல முசாஃபர் ஷெரீஃப்ங்கறவர் 22 பசங்களை ஒரு கோடைக்கால முகாமுக்குக் கூட்டிட்டுப் போயி ரெண்டு அணியா பிரிச்சு பேஸ்பால், கயிறு இழுக்கற போட்டின்னு வெச்சாரு. சில நாள்லயே ஒருத்தர் கொடியை ஒருத்தர் எரிச்சாங்க, தங்கியிருந்த குடிலுக்குள்ள புகுந்து சாமானை வாரி இறைச்சாங்க. எல்லாம் ஒரே மாதிரி குடும்பத்துப் பசங்க, முன்ன பின்ன பகை கிடையாது. சரி, ஒண்ணா உக்கார வெச்சுச் சாப்பாடு போட்டா சரியாகும்னு பார்த்தா சாப்பாட்டை எடுத்து ஒருத்தன் மேல ஒருத்தன் வீசினாங்க. அப்பறம் எது வேலைக்கு ஆச்சு தெரியுங்களா? முகாமுக்குத் தண்ணி வர்றதை நிறுத்திட்டு ரெண்டு அணியும் சேர்ந்து தேடினாத்தான் கோளாறு கிடைக்கும்னு வெச்சாங்க. சாப்பாடு கொண்டு வர்ற லாரி நின்னு போச்சுன்னு சொன்னாங்க, முன்னாடி எந்தக் கயித்தை வெச்சு எதிரெதிரா இழுத்தாங்களோ அதே கயித்தைக் கட்டி எல்லாரும் ஒரே பக்கமா இழுத்தாங்க. சண்டை அப்படித்தான் அடங்குச்சு.

அதனால லைனைக் கலந்து போடுங்க. ஓவர்லாக் மெஷின்ல ஒரு தமிழாளு, பிளாட்லாக் மெஷின்ல ஒரு ஜார்க்கண்ட் ஆளு, செக்கிங்ல ரெண்டு பக்கமும்னு. பீஸ் ஒருத்தர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போனாத்தான் லைன் நகரும், ஒருத்தர் பண்டில் தேங்கினா அடுத்தவருக்கு வேலை இல்ல, அப்போ தானா எட்டிப் பார்த்து "பாபின் மாத்து, நூல் அறுந்திருக்கு பாரு"ன்னு சைகையிலயாவது பேசித்தான் ஆகோணும். டார்கெட் மொத்த லைனுக்கும் ஒண்ணு, போனஸும் மொத்த லைனுக்கு.

ஆனா இதுல ஒரு குழி இருக்குது. டைலர் எல்லாம் நம்மாளு, கைமடிக்கற ஹெல்பர் எல்லாம் வடநாட்டுப் பையனுங்கன்னு கலந்து போட்டீங்கன்னா அது கலந்ததே ஆகாது, பழைய இளக்காரத்துக்கு இன்னும் கொஞ்சம் உரம் போட்ட மாதிரிதான். டைலர் "டேய் எட்றா"ன்னு சொல்லிச் சொல்லியே பழகிருவாரு. கோர்டன் ஆல்போர்ட்ங்கற ஹார்வர்ட் பேராசிரியர் இதையேதான் 1954ல சொன்னாரு, சும்மா பழகினா போதாது, ரெண்டு பேருக்கும் சம அந்தஸ்து இருக்கோணும், குறி ஒண்ணா இருக்கோணும், சேர்ந்து செஞ்சாத்தான் முடியும்னு இருக்கோணும், மேல இருக்கறவங்க அதை ஆதரிக்கோணும்னு. 2006ல பெட்டிக்ரூவும் ட்ராப்பும் 500க்கு மேல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தாங்க, பழக்கம் வெறுப்பைக் குறைக்குது, இந்த நாலும் இருந்தா இன்னும் நல்லா குறைக்குதுன்னு தெரிஞ்சுது. ஆகவே வடநாட்டுப் பையன்கள்ல கை நல்லா ஓடறவங்களை டைலராக்குங்க, அதுல ஒருத்தரையாவது லைன் இன்சார்ஜ் ஆக்குங்க. நம்ம பொண்ணுங்களும் பசங்களும் அவர்கிட்ட போய் லீவு கேக்கற நிலைமை வரட்டும், மாத்தம் கண்ணுலயே தெரியும்.

கிரிக்கெட்டும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமை கம்பெனி மேட்ச்னா உடனே "தமிழ்நாடு டீம் வெர்சஸ் ஹிந்தி டீம்"னு போட்டுருவாங்க, கேக்க ஜாலியா இருக்கும், மூணாவது ஓவர்ல எல்பிடபிள்யூவுக்கு சண்டை வந்துரும். 2017ல உத்தரப்பிரதேசத்துல மேட் லோங்கற பொருளாதார ஆய்வாளர் வேற வேற சாதிப் பசங்க 800 பேரை வெச்சு ஒரு கிரிக்கெட் லீக்கே நடத்திப் பார்த்தாரு. கலப்பு டீம்ல ஒண்ணா ஆடினவங்களுக்கு மத்த சாதியில நண்பர்கள் கூடினாங்க, எதிர் டீமா மோதினது அந்த அளவுக்கு நல்லது பண்ணலை, சில விஷயத்துல தலைகீழா போச்சு. ஆக ஒரே கிரவுண்டு, ஒரே பந்து, டீம் பிரிக்கறதுல இருக்குது சூட்சுமம். கட்டிங் செக்‌ஷன் ஒரு டீம், பேக்கிங் ஒரு டீம்னு போடுங்க, ரெண்டுலயும் எல்லா ஊருக்காரனும் இருப்பான்.

கூலி

ஒரே வேலைக்கு ஒரே ரேட்டு. இதுல பேச நிறைய இல்ல. 1979ல வந்த மாநிலம் விட்டு மாநிலம் போற தொழிலாளர் சட்டத்துலயே உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ அதே வேலைக்கு வெளிமாநிலத்தாருக்கும் அதுக்குக் குறையக்கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. காண்ட்ராக்டர் நடுவுல எவ்வளவு புடிக்கறான்னு முதலாளி கண்டுக்கறதே இல்ல, மாசம் ஒருக்கா லைன்ல நடந்து போறப்ப ரெண்டு பேரைத் தனியா கூப்பிட்டு "கையில எவ்வளவு வருது"ன்னு கேட்டா தெரிஞ்சுரும். யூனியன்ல இருக்கறவங்களுக்கும் இதே வேண்டுகோள்தான், சம்பள ஒப்பந்தம் பேசறப்ப இவங்களையும் உறுப்பினரா சேர்த்துக்கிட்டு நோட்டீசை ஹிந்தியிலயும் ஒடியாவுலயும் அடிச்சுக் குடுங்க. அவங்களை வெளிய வெச்சுட்டு நாம மட்டும் கேட்டா அவங்களைக் காட்டியே நம்ம வாயை அடைப்பாங்க.

கூப்பிடற விதம்

நம்ம கொங்கு நாட்டுக்கே பெருமை மரியாதைப் பேச்சுதான். ஆட்டுக்குட்டியைக் கூட "வாங்க"ன்னு கூப்பிடுவாங்கன்னு மத்த ஊர்க்காரங்க கிண்டலடிக்கறாங்க. அதே வாய் பானிபூரிக் கடைக்கு முன்னாடி போனா "டேய் பையா, நாலு பிளேட் போட்றா" ஆயிருது, அந்த ஆளுக்கு நாப்பது வயசு இருக்கும், ஊர்ல அவருக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கும். காசு செலவில்லாத வைத்தியம் இதுதாங்க, பேரைக் கேளுங்க, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, வாங்க போங்க போடுங்க. வருகைப் பதிவுல "ஹிந்தி 1, ஹிந்தி 2"ன்னு எழுதற கூத்தை நான் பார்த்திருக்கேன், அதை இன்னிக்கே நிறுத்துங்க.

மொழி ரெண்டு பக்கமும் ஓடோணும். அவங்களுக்குத் தமிழ் கத்துக் குடுங்க, "எண்ணு", "பிரி", "அளவு சின்னது", "முதுகு வலிக்குது", "ஆஸ்பத்திரி போகோணும்"னு வேலைக்கும் உசுருக்கும் வேணுங்கற சொல்லுங்க முதல்ல. சூப்பர்வைசரும் அவங்க பாஷையில பத்து வார்த்தை கத்துக்கட்டும். ஹிந்தித் திணிப்பை எதிர்க்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, டெல்லி சர்க்காரோட சண்டையை தையல் மெஷின்ல உக்காந்திருக்கறவன்கிட்ட போடாதீங்க, அதுவும் இல்லாம ஒடிசாக்காரனுக்கு ஒடியா, அசாம்காரனுக்கு அசாமிய மொழி, ஜார்க்கண்ட்ல சந்தாளி பேசறவங்களும் இருக்காங்க, அவங்க மேலயும் ஹிந்தி ஏறித்தான் உக்காந்திருக்குது. பசங்களைப் பத்திக் கவலையே வேண்டாம், கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்த்தா கொஞ்ச நாள்லயே "ஏனுங்க்கா"ன்னு நம்ம ராகத்துலயே பேச ஆரம்பிச்சுருதுங்க, அப்பா அம்மாவுக்கு ரேஷன் கடையில மொழிபெயர்ப்பும் அதுங்கதான். ஸ்கூலுக்குப் போகாத குழந்தை லைன் வீட்டுல திரிஞ்சுதுன்னா பக்கத்து ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.

வீடு வாடகைக்கு விடறவங்களுக்கு

"வடநாட்டு ஆளுங்களுக்கு இல்லை"ன்னு போர்டு போடறவங்க ஒரு பக்கம், அவங்களுக்கு மட்டும் தலைக்கு இவ்வளவுன்னு கணக்குப் பண்ணி ஒரே ரூம்ல அடைக்கறவங்க இன்னொரு பக்கம். ரெண்டாவது ஆளு பார்வைக்கு நல்லவரா தெரிவாரு, ஆனா தெருவுல வெறுப்பு கிளம்பறதுக்கு மூலமே அவருதான், ஏன்னா நெரிசலைப் பார்க்கறது அக்கம்பக்கம், காசைப் பார்க்கறது அவரு மட்டும். விதிமுறை ஒண்ணு வெச்சுக்குங்க, அது எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும். ரூமுக்கு இத்தனை பேருக்கு மேல கூடாது, ஆதார் காப்பி வேணும், அட்வான்ஸ் இவ்வளவு, அக்ரிமெண்ட் எழுத்துல, ராத்திரி பத்து மணிக்கு மேல பாட்டு கூடாது. தஞ்சாவூர்க்காரர் வந்தாலும் அதே பேப்பர், பீகார் தர்பங்காக்காரர் வந்தாலும் அதே பேப்பர். சந்தேகத்தை ஆள் மூஞ்சியைப் பார்த்துப் படாம பேப்பரைப் பார்த்துப் படுங்க. கக்கூஸ் எண்ணிக்கையைக் கூட்டுங்க, அதை மட்டும் செஞ்சாலே பக்கத்து வீட்டு அக்காவோட புகார்ல பாதி காணாம போயிரும்.

பொருள் ஏதாவது காணாம போனாலும் இதேதான். செல்போன் காணோம்னதும் முதல்ல வடநாட்டுப் பையன் பையைக் கவுத்துப் பார்க்கறது பழக்கமாயிருக்குது. பார்க்கறதா இருந்தா எல்லார் பையும், சூப்பர்வைசர் பையிலிருந்து ஆரம்பிச்சு, இல்லைன்னா யார் பையும் வேண்டாம், கேமரா இருக்குது, போலீஸ் இருக்குது.

ஃபார்வர்டு வந்தா

2018 மே மாசம் "வடநாட்டுல இருந்து புள்ளை புடிக்கற கும்பல் இறங்கியிருக்குது"ன்னு வாட்ஸ்அப்ல ஆடியோ சுத்துச்சு, ஞாபகம் இருக்குங்களா? திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல குலதெய்வம் கோயிலுக்குக் கெளம்பிப் போன 65 வயசு அம்மா ஒருத்தர், வழியில குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு ஊரே கூடி அடிச்சுக் கொன்னுச்சு. அந்தம்மா சென்னைக்காரங்க, தமிழ் பேசறவங்க. வடக்கன்னு நெனச்சுக் கிளம்பற கை கடைசியில யார் மேல விழும்னு சொல்ல முடியாது.

2023 ஜனவரியில திருப்பூர்ல டீக்கடை பக்கம் சிகரெட் புகையில ஆரம்பிச்ச ஒரு தகராறு, வடநாட்டு ஆளுங்க தமிழாளுங்களை விரட்டற மாதிரி வீடியோவா நாடு பூரா ஓடுச்சு. மார்ச் மாசம் அப்படியே உல்ட்டா, தமிழ்நாட்டுல பீகாரிகளை வெட்டறாங்கன்னு வேற மாநிலத்துல நடந்த கொலை வீடியோவை எல்லாம் ஒட்டிப் பரப்பினாங்க. ஹோலிக்கு ஊருக்குப் போறவங்க கூட்டமும் பயந்து போறவங்க கூட்டமும் சேர்ந்து ஸ்டேஷன் நிரம்பி வழிஞ்சுது, பீகார் சர்க்காரே ஒரு குழுவை இங்க அனுப்பிப் பார்த்துட்டுப் போச்சு, பரப்பின யூடியூபர் கைதானாரு. அந்த வாரம் இங்க எத்தனையோ யூனிட்ல மெஷின் சும்மா கெடந்துச்சு.

ஆக வீடியோ வந்ததும் ரெண்டு விஷயம் பாருங்க. பின்னாடி கடை போர்டு என்ன எழுத்துல இருக்குது, வண்டி நம்பர் பிளேட் எந்த மாநிலம், போலீஸ் யூனிஃபார்ம் நம்மூருதா, பேசற பாஷை என்ன. அப்பறம் ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடினா பழசான்னு பெரும்பாலும் தெரிஞ்சுரும். தெரியலைன்னா அனுப்பாம விட்டாலே போதும். கம்பெனி வாட்ஸ்அப் குரூப்புல யாராவது போட்டுட்டா அட்மின் அங்கயே "இது பொய், இந்த ஊர்ல இந்த வருஷம் எடுத்தது"ன்னு எழுதோணும், சும்மா டெலீட் மட்டும் பண்ணினா மறைக்கறாங்கன்னு பேசுவாங்க.

வெறுத்துப் பேசறவங்ககிட்ட எப்படிப் பேசறது

வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீங்க. புள்ளிவிவரம் எடுத்து விட்டா அவங்க இன்னொரு திருட்டுக் கதை எடுத்து விடுவாங்க, அது முடியவே முடியாது. 2016ல ப்ரூக்மேன், கல்லான்னு ரெண்டு பேரு வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்குது, அமெரிக்காவுல மயாமியில வீடு வீடா போயி திருநர்களைப் பத்தி 10 நிமிஷம் பேசினாங்க, பாடம் நடத்தலை, "உங்களை யாராவது வேற மாதிரி பார்த்து ஒதுக்கியிருக்காங்களா"ன்னு கேட்டு அவங்க கதையைச் சொல்ல வெச்சாங்க. அதோட பலன் 3 மாசம் கழிச்சும் இருந்துச்சு.

எங்க கட்டிங் மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாங்க அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். டீ டைம்ல ஆரம்பிச்சுட்டாரு, இந்தப் பயலுக வந்துதான் ஊரே கெட்டுப் போச்சுன்னு. நான் எதுத்துப் பேசலை.

"அண்ணாச்சி, உங்க அப்பா பம்பாய்ல இருந்தாருன்னு சொல்லுவீங்களே, எந்தப் பக்கம்?"

"தாராவிதாம்ல. தோல் பட்டறையில கெடந்தாவ."

"ரூம் எல்லாம் எப்படி கெடைச்சுதாம்?"

"ரூமா? பன்னெண்டு பேரு ஒரு குடிசையில. மதராசின்னு ஒரு பய வீடு குடுக்க மாட்டானாம். சேனைக்காரனுவ வந்தா வேட்டியை அவுத்துட்டு பேண்ட் மாட்டிக்கிட்டுத்தான் வெளிய போகணுமாம்."

அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லலைங்க, டீயைக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். "அதுவும் இதுவும் ஒண்ணா பாத்தீங்களா"ன்னு முடிச்சுப் போட்டுக் காட்டினா அவரு முறுக்கிக்குவாரு, முடிச்சை அவரே போட்டுக்கட்டும். அவரு ஒரே நாள்ல மாறலை, இப்பவும் முனகுவாரு, ஆனா மார்க்கர் போடற அசாம் பையனுக்குப் பேட்டர்ன் வெட்டச் சொல்லிக் குடுக்கறது இன்னிக்கு அவருதான்.

நம்ம குடும்பத்துலயும் இது ஆகும். பெரியவங்களை நாலு பேர் முன்னாடி திருத்தாதீங்க, தனியா உக்காந்து, அவங்க வெளியூர் போய்ப் பட்ட பாட்டைக் கேளுங்க, எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும்.

எதுல உஷாரா இருக்கோணும்

எல்லாப் புகாரையும் வெறுப்புன்னு முத்திரை குத்தாதீங்க. வாடகை ஏறுதுன்னு சொல்றவர், கூலி ஏறவே இல்லைன்னு சொல்றவர், பஸ்ல ஏற முடியலைன்னு சொல்றவர், இவங்க சொல்றது நெஜமான கஷ்டம், அதைக் காது குடுத்துக் கேட்டு முதலாளிகிட்டயும் மாநகராட்சிகிட்டயும் கொண்டு போகோணும். "நீ இனவெறியன்"னு சொல்லி வாயை மூடினா அந்த ஆளு நேரா வெறுப்பை விக்கறவன் கடைக்குத்தான் போவாரு.

அந்தப் பக்கமும் சுத்தம்னு நெனச்சுக்காதீங்க. "மதராசி ஏமாத்துவான், அடுத்த மாசம் சம்பளம் தரமாட்டான்"னு வர்றப்பவே காதுல ஓதி அனுப்பறாங்க, அவங்களுக்குள்ளயே பீகாரிக்கும் ஜார்க்கண்டுக்கும் ஆகாது, ஊர்ச் சாதியை ரூம் வரைக்கும் தூக்கிட்டு வர்றவங்களும் இருக்காங்க, தனி அடுப்பு தனி குடம்னு. நீங்க போடற கலப்பு லைன் அதுக்கும் சேர்த்துத்தான்.

பண்டிகை அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை குடுத்து குரூப் போட்டோ எடுக்கறது, சுவத்துல ஒத்துமை போஸ்டர், இதெல்லாம் பண்ணுங்க, கெடுதல் இல்ல, ஆனா அதோட வேலை முடிஞ்சுதுன்னு இருந்துராதீங்க. அதைவிட லீவு லிஸ்ட்டுக்கு மூளையைச் செலவு பண்ணுங்க. தீபாவளி முடிஞ்சு ஆறு நாள் கழிச்சு வர்ற சத் பூஜை பீகார் ஆளுங்களுக்கு நம்ம பொங்கல் மாதிரி, போகாதேன்னா நின்னுருவாங்க. அவங்க போயிட்டா "அவனுங்க வேலையையும் சேர்த்து நாங்க இழுக்கோணுமா"ன்னு இங்க மொணகல் ஆரம்பிக்கும், வருஷா வருஷம் சண்டை வர்ற இடம் இது. அதனால ஜோடி போட்டு விடுங்க, சத் பூஜைக்கு இவர் வேலையை அவர் பார்க்கறது, பொங்கல் நாலு நாளும் அவர் வேலையை இவர் பார்க்கறது, ரெண்டு பேருக்கும் ஓவர்டைம் ஒரே ரேட்டு. ரயில் டிக்கெட் 60 நாள் முன்னாடியே ஓப்பன் ஆகுதுங்கறதால லிஸ்ட்டை ஆடி கடைசியிலயே முடிவு பண்ணி, தமிழ்லயும் ஹிந்தியிலயும் எழுதி, கைரேகை வெக்கற மெஷின் பக்கத்துல ஒட்டி விட்ருங்க.